ஹார்ட்டில் பிளாக் என்று சந்தேகமா? பரிசோதனை முதல் ஸ்டென்ட் வரை: காகிதம், காசு, நேரம்

"டிஎம்டி பாசிட்டிவ்வா வந்திருக்கு, ஆஞ்சியோ பண்ணிப் பாத்துடலாம்." இந்த ஒரு வரியைக் கேட்டதும் வீட்டில் யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. அடுத்து எங்கே போவது, எவ்வளவு ஆகும், காப்பீட்டு அட்டை செல்லுமா, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம் என்று ஒன்றும் புரியாது. பிளாக் என்பது இதய ரத்தக்குழாயில் அடைப்பு. டிஎம்டி என்பது நடக்கவைத்து எடுக்கும் இசிஜி, ஆஞ்சியோ என்பது சாயம் செலுத்தி அந்தக் குழாயைப் படம் பிடிப்பது, ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல். என் தாய்மாமாவுக்கு இந்தப் பாதை முழுவதும் நான்தான் கூடப் போனேன். நான் மருத்துவன் இல்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த ஆள். எந்த மருந்து, எந்த சிகிச்சை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்ல நேரமில்லாத மற்ற விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவை இங்கே. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக எழுதியது.

1. அவசரமா, அவசரமில்லையா என்று முதலில் பிரியுங்கள்

இதற்குப் பிறகு வரும் எல்லாமே இதைப் பொறுத்ததுதான்.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போல அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், உட்கார்ந்து ஓய்வெடுத்தும் பதினைந்து நிமிடமாகக் குறையாத வலி. இப்படி இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். நோயாளி தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மாடிப்படி இறங்கவும் விடாதீர்கள், நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்குங்கள்.

நம் ஊரில் அதிக உயிரை வாங்குவது 'கேஸ்' என்ற சொல். வாயுப் பிடிப்பு என்று சொல்லி சோடா, ஓமத் தண்ணீர், ஜெலுசில் என்று இரண்டு மூன்று மணி நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். அடைத்த குழாயைச் சீக்கிரம் திறக்கத் திறக்கத்தான் இதயத் தசை பிழைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கல், அசாதாரணமான களைப்பு, மேல்வயிற்று எரிச்சல் என்றும் வரலாம். சந்தேகமாக இருந்தால் இசிஜி எடுத்துவிட்டு, அப்புறம் கேஸ் என்று முடிவு செய்யுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க அந்த நேரத்தில் ஒரே கேள்வி போதும்: "கேத் லேப் இருக்கா, ராத்திரியும் டாக்டர் இருப்பாரா?" கேத் லேப் என்பது ஆஞ்சியோ செய்யும் அறை. பெயர்ப்பலகையில் 'இதய நோய் மையம்' என்று எழுதியிருக்கும் எல்லா இடத்திலும் அது இருக்காது. கேத் லேப் உள்ள இடம் இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் என்றால், பக்கத்திலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அது நல்ல சிகிச்சைதான். ஆனால் வலி நின்றுவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பொதுவாக ஒரு நாளுக்குள் ஆஞ்சியோவும் பார்க்க வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். போகிற வழியில் இருந்தால் அங்கே நின்று போகலாம்.

முதல் இசிஜி நார்மல் என்று வந்தாலும் வலி இருந்தால் கிளம்பாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை வலி தொடங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் உயரும், அதனால் அதையும் இரண்டு முறை பார்ப்பார்கள்.

சரி, அவசரமில்லாதது எது? மாடி ஏறினால், வேகமாக நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, மாதக்கணக்கில் அதே அளவில் இருக்கிறது என்றால் உங்களுக்கு நாட்கள் இருக்கின்றன. விசாரிக்கலாம், இன்னொரு மருத்துவரைக் கேட்கலாம், அட்டை எடுக்கலாம். அதே வலி புதிதாக வந்தது, அடிக்கடி வருகிறது, சும்மா இருக்கும்போதே வருகிறது என்றால் அது முதல் வகை. அன்றைக்கே போங்கள்.

இனி வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு.

2. பரிசோதனைகளை எந்த வரிசையில் எடுப்பது

பெரிய மருத்துவமனையின் 'ஹார்ட் செக்கப் பேக்கேஜ்' வாங்கிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பாருங்கள். தனியார் ஆய்வகங்களில் ஏறத்தாழ ஆகும் செலவைச் சேர்த்து எழுதுகிறேன். ஊருக்கு ஊர் மாறும்.

ரத்தப் பரிசோதனை: கொழுப்பு விவரம், மூன்று மாதச் சர்க்கரை, கிரியேட்டினின். எல்லாம் சேர்ந்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. கிரியேட்டினினை விடாதீர்கள். பின்னால் சிடி ஸ்கேன் எடுத்தாலும் ஆஞ்சியோ எடுத்தாலும் சாய மருந்து செலுத்துவார்கள், அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள்.

இசிஜி: 200 முதல் 400 ரூபாய். ஓய்வில் எடுக்கும் இசிஜி நார்மல் என்றால் அடைப்பு இல்லை என்று பொருள் கிடையாது. இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழைய இசிஜி ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். புதியதோடு ஒப்பிட மருத்துவருக்கு அது தங்கம்.

எக்கோ: 1,500 முதல் 3,000. இதயம் எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது, வால்வு எப்படி என்று காட்டும். ரத்தக்குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது.

டிஎம்டி, அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜி: இதுவும் ஏறத்தாழ எக்கோ விலைதான். லேசான சாப்பாடு, ஷூ, தளர்வான உடை. முட்டி வலிக்காரர்களுக்கு இது சரிவராது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொய்யாக பாசிட்டிவ் வருவதும் உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. அதனால் டிஎம்டி ஒன்றை மட்டும் வைத்து 'பிளாக்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

சிடி ஆஞ்சியோ: 8,000 முதல் 15,000 வரை. கையில் ஊசி வழியாகச் சாயம் செலுத்தி ஸ்கேன் எடுப்பார்கள், அரை நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். சந்தேகம் நடுத்தரமாக இருப்பவர்களுக்கு, நேரே கேத் லேபுக்குப் போகும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள். குழாய் சுத்தமாக இருக்கிறது என்று சிடி சொன்னால் பெரும்பாலும் அதை நம்பலாம். நாடித்துடிப்பு அறுபதை ஒட்டி இருந்தால்தான் படம் தெளிவாக வரும், அதனால் துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுப்பார்கள். அன்றைக்குக் காபி, டீ வேண்டாம். குழாயில் சுண்ணாம்பு நிறைய படிந்தவர்களுக்கு சிடி அடைப்பைப் பெரிதாகக் காட்டிவிடும். அவர்களுக்கும், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்களில் பலருக்கும் நேரடி ஆஞ்சியோதான் தெளிவு.

எந்தத் தொந்தரவும் இல்லை, அப்பாவுக்கு அட்டாக் வந்தது, அதனால் பயம் என்பவர்களுக்கு மருத்துவர் 'கால்சியம் ஸ்கோர்' என்ற சிறிய சிடியைச் சொல்லலாம். சாயம் தேவையில்லை, செலவும் குறைவு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஓமந்தூரார் பல்நோக்கு மருத்துவமனை போன்ற இடங்களில் குறைந்த கட்டணத்தில் முழு உடல் பரிசோதனையும் செய்கிறார்கள். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்கள் பில்லை வைத்திருங்கள், வருமான வரியில் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிக்கலாம்.

3. ஒரு ஃபைல் போடுங்கள், இன்றைக்கே

மருத்துவம் நீங்கள் செய்யப்போவதில்லை. ஃபைல் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. பிளாஸ்டிக் பை கூடாது, துளை போட்டுக் கோக்கும் ஃபைல். தேதி வரிசைப்படி எல்லா அறிக்கையும். முதல் பக்கத்தில் ஒரே தாளில்: நோயாளியின் வயது, எடை, ரத்த வகை, சர்க்கரை, பிரஷர் எத்தனை வருடமாக, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், எந்த மருந்து ஒவ்வாது, ஆஸ்துமா உண்டா, அல்சர் அல்லது ரத்தக்கசிவு இருந்ததா, கடைசி கிரியேட்டினின் எவ்வளவு. நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டால் அதையும் எழுதுங்கள். பெரியவர்கள் அதை மறைப்பார்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பின்பக்கம் ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை நகல்கள், தலா ஐந்து. வார்டில் இரவு பத்து மணிக்கு ஜெராக்ஸ் கேட்பார்கள். கடை மூடியிருக்கும்.

ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு எழுத்து, மருத்துவமனைப் பதிவில் இனிஷியல் முன்னும் பின்னும் என்று இருந்தால் காப்பீட்டு ஒப்புதல் நிற்கும். மருத்துவமனையில் பெயர் பதியும்போதே ஆதாரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மாமாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியதற்கு, கிராமத்துக்கும் மருத்துவமனைக்கும் நான் பஸ்ஸில் அலைந்தேன்.

4. பணம் யார் கொடுப்பது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பை பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது), பைபாஸ் (நெஞ்சைத் திறந்து, அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாய் பொருத்தும் அறுவை) இரண்டும் இதில் வரும். தேவையானவை ரேஷன் அட்டை, குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்று பதிவு மையம் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒரே நாளில் பதிவு எண் கிடைத்துவிடும். இழுப்பது வருமானச் சான்றுதான். விஏஓ ஊரில் இல்லை, வருவாய் இன்ஸ்பெக்டர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று நாள் போகும். எனவே டிஎம்டி சந்தேகமாக வந்த அன்றைக்கே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆஞ்சியோ தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோயாளியின் பெயர் ரேஷன் அட்டையில் இருக்க வேண்டும். மகன் வீட்டில் தங்கியிருக்கும் அம்மாவின் பெயர் சொந்த ஊர் அட்டையில் இருந்தால், அந்த அட்டையை வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

திட்டத்தில் எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் இல்லை. இருக்கிற மருத்துவமனையும் எல்லாச் சிகிச்சைக்கும் அங்கீகாரம் பெற்றிருக்காது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் "இந்த மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அட்டை செல்லுமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். மருத்துவமனைக்குள் திட்டத்துக்கென்று ஒரு மேசை இருக்கும், அங்கே இருப்பவரின் கைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இசிஜி, எக்கோ, ஆஞ்சியோ படங்களை அவர்தான் ஏற்றி ஒப்புதல் வாங்குவார். ஒப்புதல் வந்த சிகிச்சைக்கு 'மேல் காசு' கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மாட்டோம் என்றால் அதே எண்ணில் புகார் சொல்லலாம். நாங்கள் போன ஒரு தனியார் இடத்தில் 'நல்ல ஸ்டென்ட்டுக்கு வித்தியாசப் பணம்' என்று கேட்டார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றதும் பேச்சு நின்றுவிட்டது.

தனியார் காப்பீடு: பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, பிரஷரைச் சொல்லியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அறை வாடகை வரம்பைக் கவனியுங்கள். வரம்பு 4,000 ரூபாய், நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தீர்கள் என்றால் அறை வித்தியாசத்தோடு போகாது. மருத்துவர் கட்டணம் போன்ற மற்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டலாம். இன்னொன்று: ஆஞ்சியோ மட்டும் எடுத்து, அடைப்பு இல்லை என்று அனுப்பினால், 'வெறும் பரிசோதனைக்கான அனுமதி' என்று சில நிறுவனங்கள் மறுக்கும். போகும் முன் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான (கேஷ்லெஸ்) ஒப்புதலை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 உத்தரவு. நடைமுறையில் இழுத்தால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உள்ளவர்கள் டிஸ்பென்சரி, இஎஸ்ஐ மருத்துவமனை வழியாகப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். நேராகப் போய்விட்டுப் பிறகு பணம் கேட்பது பெரும்பாடு. அரசு ஊழியர், ஓய்வூதியருக்குத் தனித் திட்டம் இருக்கிறது, அட்டை எண்ணைத் தேடி எடுத்து வையுங்கள்.

5. எங்கே செய்வது

அரசு மருத்துவமனை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு: சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, ஓமந்தூரார், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை, வெளியூரில் மதுரை, கோவை, திருநெல்வேலி போன்ற பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேத் லேப் இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையே அவருக்குக் கைப்பழக்கம். குறை எங்கே என்றால் கூட்டம், காத்திருப்பு, கூட இருப்பவருக்கு உட்கார இடமில்லாமை. இதயப் பிரிவு புறநோயாளி நாள் எது என்று முன்கூட்டி விசாரித்துக்கொண்டு, காலை ஏழரைக்கே சீட்டு வரிசையில் நில்லுங்கள். மாவட்ட மருத்துவமனையின் பரிந்துரைச் சீட்டு கையில் இருந்தால் வேலை சுலபம். அவசரமில்லாத ஆஞ்சியோவுக்குத் தேதி தள்ளிக் கொடுப்பார்கள். அந்த இடைவெளியில் வலி கூடினால் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தனியாரில் ஆஞ்சியோ மட்டும் 12,000 முதல் 25,000 வரை. ஒரு ஸ்டென்ட்டோடு ஆஞ்சியோபிளாஸ்டி ஒன்றேகால் லட்சத்தில் தொடங்கி இரண்டரை லட்சம் வரை. பைபாஸ் இரண்டரை முதல் ஐந்து லட்சம். பெருநகரக் கார்ப்பரேட் மருத்துவமனைகளில் இதற்கும் மேலே போகும்.

6. ஆஞ்சியோ நாள்

நான்கு முதல் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாமா, சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று முந்தைய நாளே கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். நகை, தாலிச் சங்கிலி, மெட்டி, கட்டுப்பல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். நகப்பூச்சையும் எடுத்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு அது இடைஞ்சல்.

கையில் மணிக்கட்டு வழியாகவோ தொடை இடுக்கு வழியாகவோ செய்வார்கள். மணிக்கட்டு என்றால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்காரலாம், பெரும்பாலும் மாலையே வீடு. தொடை என்றால் சில மணி நேரம் காலை நீட்டி அசையாமல் படுக்க வேண்டும். முதுகு வலிக்காரர்களுக்கு அதுதான் பெரிய அவஸ்தை. மணிக்கட்டில் செய்ய முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை. ஊசி போகும் நேரம் தவிர வலி இருக்காது. சாயம் போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், பயப்பட வேண்டாம் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

வெளியே காத்திருப்பவர் முடிவெடுக்கக்கூடிய ஆளாக இருக்கட்டும். ஏனென்றால் அடுத்தது வருகிறது.

7. கேத் லேப் வாசலில் கேட்கப்படும் கேள்வி

நோயாளி உள்ளே படுத்திருப்பார். மருத்துவர் வெளியே வந்து திரையில் படத்தைக் காட்டி, "எண்பது பர்சென்ட் பிளாக், இப்பவே ஸ்டென்ட் வச்சிடலாமா?" என்று கேட்பார். கையில் படிவம். பக்கத்தில் அத்தை அழுதுகொண்டிருப்பார். அந்த நிமிடத்தில் யாருக்கும் மூளை வேலை செய்யாது. அதனால் இதை முந்தைய நாளே குடும்பத்தோடு பேசி முடித்துவிடுங்கள்.

மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் கேள்வியே இல்லை, கையெழுத்துப் போடுங்கள். இடதுபக்க முதன்மைக் குழாயில் கணிசமான அடைப்பு, ஓய்விலும் வலி, இதயம் சுருங்கும் திறன் குறைந்திருக்கிறது என்றாலும் தாமதம் கூடாது. மற்றபடி நிலையான வலிக்காக வந்தவர் என்றால், "படத்தை மட்டும் இன்றைக்கு முடித்துவிடுங்கள், பேசிவிட்டு வருகிறோம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்னொரு முறை கேத் லேப் செலவாகுமே என்பார்கள். ஆகும்தான். ஆனால் தேவையில்லாத ஸ்டென்ட் அதைவிடக் கூடுதல் செலவு.

இதை எந்தத் தைரியத்தில் சொல்கிறேன் என்றால், 2019-ல் முடிவுகள் வெளியான இஸ்கீமியா ஆய்வு நிலையான அடைப்பு உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும், முதலில் மருந்தோடு இருந்தவர்களுக்கும் இறப்பிலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சு வலி அடிக்கடி வந்தவர்களுக்கு ஸ்டென்ட்டால் வலி நன்றாகக் குறைந்தது. இடது முதன்மைக் குழாய் அடைப்பு, பலவீனமான இதயம், சமீபத்திய மாரடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆக, நிலையான நோய்க்கு "மாத்திரையை முழு அளவில் பார்த்துவிட்டோமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எந்தக் குழாய், எத்தனை இடம்? இந்த வலிக்குக் காரணம் இந்த அடைப்புதானா? ஐம்பது, அறுபது சதவீதம் போல நடுவாந்தரமாக இருந்தால், கம்பி வழியாக அழுத்தம் அளந்து பார்க்கும் எஃப்எஃப்ஆர் செய்யலாமா? மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் ஸ்டென்ட்டா, பைபாஸா? கடைசிக் கேள்வி சர்க்கரை நோயாளிகளுக்கு ரொம்ப முக்கியம். பல குழாய்களில் அடைப்பு உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸ் நீண்ட காலத்தில் நல்லது என்று 2012-ல் வந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. நெஞ்சைத் திறக்கப் பயந்து நான்கு ஸ்டென்ட் வாங்கிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை மருத்துவரையும் ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது கருத்துக்குப் போக ஆஞ்சியோ படம் பதிந்த குறுந்தகடு வேண்டும். எழுதிய அறிக்கை மட்டும் போதாது, அசையும் படம்தான் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளே சொல்கின்றன.

வாட்ஸ்அப் வழியே ஒரு பாட்டில் வரும்: இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர், தேன். அடைப்பு கரைந்து ஓடிவிடும் என்பார்கள். கரையாது. 'அறுவை இல்லாமல் அடைப்பு நீக்கம்' என்று விளம்பரம் போட்டு, காலில் பட்டை கட்டி அமுக்கும் சிகிச்சைக்கும் ட்ரிப் ஏற்றும் சிகிச்சைக்கும் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். முதலாவது, வேறு வழியில்லாத சிலருக்கு வலியைக் கொஞ்சம் தணிக்கலாம். அடைப்பை இரண்டுமே அகற்றுவதில்லை.

8. ஸ்டென்ட் பில்லைப் படிப்பது

ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசின் உச்சவரம்பு இருக்கிறது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று வைத்தார்கள். பிறகு விலைக் குறியீட்டை ஒட்டி மாறிக்கொண்டே வந்து, 2025 ஏப்ரல் நிலவரப்படி 39,000-க்குச் சற்றுக் குறைவு, ஜிஎஸ்டி தனி. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாக, பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண்ணோடு காட்ட வேண்டும். 'பேக்கேஜ்' என்று ஒரே வரியில் இருந்தால் பிரித்துக் கேளுங்கள். "வெளிநாட்டு ஸ்டென்ட், ஒன்றரை லட்சம்" என்று யாராவது சொன்னால் அந்த உச்சவரம்பு எல்லாருக்கும் பொதுதான் என்று சொல்லுங்கள்.

விலை வரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான். பலூன், கம்பி, குழல், கேத் லேப் கட்டணம் இவற்றில்தான் பில் வீங்கும். மொத்த மதிப்பீட்டை முன்பே எழுத்தில் வாங்குவது அதனால்தான். ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

9. பைபாஸ் என்றால்

முன்தயாரிப்பு கூடுதல்: கழுத்துக் குழாய் ஸ்கேன், நுரையீரல் பரிசோதனை, பல் பரிசோதனை. சொத்தைப் பல் இருந்தால் தேதி தள்ளும், எனவே பல் மருத்துவரை முதலிலேயே பாருங்கள். ரத்த தானம் செய்ய ஆட்களைக் கேட்பார்கள். சொந்தக்காரர்களில் யார் வருவார்கள் என்று பட்டியல் போட்டு வையுங்கள். க்ளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், ஆனால் எப்போது என்பதை அறுவைக் குழுதான் சொல்ல வேண்டும்; நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் மருத்துவமனையில் ஒரு வாரம், பத்து நாள். நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை குடம் தூக்குவது, பைக் ஓட்டுவது, கையை ஊன்றி எழுவது கூடாது. காலில் ரத்தக்குழாய் எடுத்த இடம் வீங்குவது சகஜம். சீழ், காய்ச்சல், நெஞ்செலும்பில் 'க்ளிக்' என்ற சத்தம் இருந்தால் உடனே போகவும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலர் என்று இரண்டு 'ரத்தம் உறையாமல் இருக்கும்' மாத்திரை. நிலையான நோய்க்குப் பொதுவாக ஆறு மாதம், மாரடைப்புக்கு ஒரு வருடம். பல் பிடுங்க வேண்டும், கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம், கடையில் ஸ்டாக் இல்லை என்று எந்தக் காரணத்துக்காகவும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் திடீரென ரத்தம் கட்டிவிடலாம். ஒரு வார மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். டிகாக்ரெலரில் சிலருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். அதையும் தானாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

கொழுப்பு மாத்திரையைத்தான் நம் ஆட்கள் முதலில் விடுவார்கள். "ரிப்போர்ட் நார்மலா வந்துடுச்சே" என்பது ஒரு காரணம், "கல்லீரல் கெட்டுடும்" என்பது இன்னொன்று. நார்மல் என்று அச்சாகியிருக்கும் எண் பொது மக்களுக்கு. அடைப்பு உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எழுபதுக்குக் கீழே, பல மருத்துவர்கள் ஐம்பத்தைந்துக்குக் கீழே என்று பார்க்கிறார்கள். தசை வலி கடுமையாக இருந்தால் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். ஆண்மைக்கான மாத்திரை எதையாவது சாப்பிட்டவர்கள் அதை வைக்கவே கூடாது. இதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மாதச் செலவைக் குறைக்க முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டையும் பாருங்கள். மருந்தின் சேர்மப் பெயரை (ஜெனரிக்) சொல்லிக் கேட்டால் பிராண்ட் விலையில் சிறு பங்குதான் ஆகும். அரசு மருத்துவமனையில் தொடர்பவர்களுக்கு மாதாமாதம் இலவசம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வரும். தனியார் காப்பீடு உள்ளவர்கள் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்து, பரிசோதனை பில்களையும் பாலிசியில் சொன்ன நாட்களுக்குள் கேட்டுப் பெறலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, வீட்டில் மற்றவர்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நோயாளியின் முதல் மறுபரிசோதனைக்குப் போகும் அன்றே, பிள்ளைகளும் வெறும் வயிற்றில் வந்து கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த அறிக்கைகளுக்குத் தனி ஃபைல் போடுங்கள், மாமாவின் ஃபைலில் செருகினால் அப்புறம் தேடிக் கிடைக்காது.